கண் முந்தும், கை பிந்தும்: வரையப் பழகுபவர்களுக்கு ஒரு காலக்கணக்கு

ஓவியம் பழகத் தொடங்குபவர்கள் முதல் வாரத்தில் விட்டுவிடுவதில்லை. புது நோட்டு, கூர் சீவிய பென்சில், போடும் கோடெல்லாம் அழகு. விடுவது பெரும்பாலும் இரண்டாம் மாதத்திலோ மூன்றாம் மாதத்திலோதான்; அதுவும் ஓரளவு நன்றாக வரையத் தொடங்கிய பிறகு. தருமபுரியில் ஞாயிற்றுக்கிழமைகளில் வரையச் சொல்லித்தருகிறேன். விடைபெற்றுப் போகிறவர்களிடம் நான் அதிகம் கேட்கும் வாக்கியம் இது: “முன்பு வந்தது இப்போது வரவில்லை, மாஸ்டர். எனக்குக் கை இல்லை போலிருக்கிறது.” பள்ளி மாணவனும் சொல்வான், ஓய்வுபெற்ற அதிகாரியும் சொல்வார். பெரியவர்கள் கொஞ்சம் சீக்கிரமாகவே சொல்லிவிடுவார்கள்.

இவர்களிடம் “பொறுமை வேண்டும்” என்று சொல்லி அனுப்புவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவரைப் பாருங்கள். ஒட்டுக்கன்று நட்ட முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் பூ வந்தாலும் பூங்கொத்தைக் கிள்ளிப் போட்டுவிடுவார். மரம் முதலில் வேர் பிடித்துக் கிளை பரப்பட்டும் என்பது கணக்கு. இதற்காக அவரைப் பொறுமைசாலி என்று யாரும் புகழ்வதில்லை. எந்த ஆண்டில் காய் எடுக்கலாம் என்று அவருக்குத் தெரியும், அவ்வளவுதான். வரையப் பழகுபவரிடம் அப்படி ஒரு கணக்கு இல்லை. எந்த மாதத்தில் எது வரும், எது வராது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ஆகவே வராத ஒவ்வொரு நாளையும் தன் குறையாக எடுத்துக்கொள்கிறார். அந்தக் கணக்கைத் தெரிந்த அளவுக்கு இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

கண் முதலில் வளரும்

ஒரு முகம் வரையச் சொன்னால், புதியவர் முட்டை வடிவம் ஒன்று போட்டு, நெற்றி வர வேண்டிய இடத்தில் கண்களை வைத்துவிடுவார். உண்மையில் உச்சந்தலைக்கும் முகவாய்க்கும் ஏறத்தாழ நடுவில்தான் கண்கள் இருக்கின்றன. கண்ணாடி முன் நின்று ஸ்கேலால் அளந்தால் தெரிந்துவிடும். நாம் ஒருவரைப் பார்க்கும்போது கண்ணையும் வாயையும்தான் பார்க்கிறோம். நெற்றியும் உச்சியும் மனத்தில் சுருங்கிவிடுகின்றன. சுருங்கியதைத்தான் தாளில் போடுகிறோம்.

இந்தச் செய்தியைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். சொன்ன மறுகணமே அவருடைய பழைய முகங்கள் எல்லாம் அவருக்குக் கோணலாகத் தெரியும். புதிதாக வரைவதும் உடனே சரியாகிவிடாது. கண் கீழே இறங்கினால் மூக்கு இறங்க வேண்டும், காது இறங்க வேண்டும், நெற்றி விரிய வேண்டும். கையோ பழைய தடத்திலேயே ஓடும். நேற்று வரை மனநிறைவோடு இருந்தவர் இன்று துவண்டுபோகிறார். படம் மோசமாகவில்லை, அதைப் பார்க்கிற கண் கூர்மையாகிவிட்டது.

கண் ஒரு தகவலாலோ ஒரு நல்ல ஓவியத்தைப் பார்த்ததாலோ ஒரே நாளில் முன்னேறிவிடும். கைக்கு அந்த வசதி இல்லை. அது வரைந்து வரைந்துதான் வர வேண்டும். எனவே இரண்டுக்கும் நடுவில் எப்போதும் ஓர் இடைவெளி இருக்கும். ‘எனக்கு வரவில்லை’ என்ற எரிச்சல், அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியத் தொடங்கியதன் அடையாளம். ஒன்றும் தெரியாதவருக்கு இந்த எரிச்சல் வராது. தன் படத்தில் எந்தக் குறையும் தெரியாமல் மாதக்கணக்கில் வரைகிறவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

இதைச் சோதித்துப் பார்க்கத் தருமபுரியில் நல்ல வசதி இருக்கிறது. நகரில் உள்ள தொல்லியல் துறை அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் இருக்கின்றன. ஆநிரை கவர்ந்த சண்டையிலும் மீட்ட சண்டையிலும் இறந்துபட்ட வீரர்களுக்காக எடுத்த கற்கள். பலவற்றில் வட்டெழுத்து வரிகளும் உண்டு. மாவட்டத்தின் ஊர்ப்புறங்களில் இத்தகைய கற்களை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். (கும்பிடும் கல்லை வரையப் போகிறீர்கள் என்றால் பக்கத்தில் இருப்பவர்களிடம் கேட்டுவிட்டு உட்காருங்கள். கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். வேடியப்பனின் கதையும் சேர்த்துச் சொல்வார்கள்.)

பழகத் தொடங்கிய புதிதில் இந்த வீரர் உருவங்களைப் பார்ப்பவர்கள், “இது என்ன மாஸ்டர், சின்னப் பிள்ளை வரைந்ததுபோல் இருக்கிறதே” என்பார்கள். சில மாதம் வரைந்தபின் அதே கல்லின் முன் கொண்டுபோய் நிறுத்தினால் பேச்சு மாறிவிடும். வில்லை இழுக்கும் உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது, அந்தச் சாய்வை எவ்வளவு குறைந்த கோட்டில் கல்தச்சன் பிடித்திருக்கிறான் என்று பார்ப்பார்கள். வரைந்து பார்த்துவிட்டு, வரவில்லை என்பார்கள். கல் மாறவில்லை. பார்ப்பவர் மாறியிருக்கிறார், தன் நோட்டைப் புரட்டும்போது இந்த மாற்றத்தை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

கை தனியாகக் கற்கிறது

சித்திரமும் கைப்பழக்கம் என்பது எல்லோருக்கும் தெரிந்த பழமொழி. அது எவ்வளவு நேர்ப்பொருளில் உண்மை என்பதை மூளை ஆய்வு ஒன்று காட்டியது. அமெரிக்காவைச் சேர்ந்த ஹென்றி மொலைசன் என்பவருக்குக் கடுமையான வலிப்பு நோய். 1953-இல், அவருடைய 27-ஆவது வயதில், மூளையின் இரு பக்கங்களிலும் ஹிப்போகாம்பஸ் உள்ளிட்ட பகுதியை அறுவை செய்து எடுத்தார்கள். வலிப்பு தணிந்தது. ஆனால் அதன்பின் புதிதாக எதையும் அவரால் நினைவில் வைக்க முடியவில்லை. சற்றுமுன் பேசியவர் அறையைவிட்டுப் போய்த் திரும்பி வந்தால் புதியவராகத் தெரிவார்.

பிரெண்டா மில்னர் என்ற உளவியல் ஆய்வாளர் அவருக்கு ஒரு வரைதல் வேலை கொடுத்தார். தாளில் இரட்டைக் கோட்டில் ஒரு நட்சத்திரம். இரு கோடுகளுக்கும் நடுவே பென்சிலை ஓட்டி அதைச் சுற்றி வர வேண்டும். தன் கையை நேராகப் பார்க்கக் கூடாது. கண்ணாடியில் தெரிவதை மட்டுமே பார்க்கலாம். முதல் சில முறை யாருக்கும் இது தாறுமாறாகத்தான் போகும். மூன்று நாட்கள் தொடர்ந்து செய்ததில் மொலைசனின் பிழைகள் படிப்படியாகக் குறைந்தன. முந்தைய நாள் இதைச் செய்தோம் என்ற நினைவே அவருக்கு இல்லை. ஆயினும் முந்தைய நாள் விட்ட இடத்திலிருந்து கை தொடர்ந்தது.

இதிலிருந்து நமக்குக் கிடைப்பது ஒன்று உண்டு. கை பழகியிருக்கிறதா என்பதற்கு மனம் நல்ல சாட்சி இல்லை. ‘இன்று ஒன்றும் கற்கவில்லை’ என்று தோன்றுவது ஒரு தோற்றம் மட்டுமே. மொலைசனுக்கு அது அறவே தெரியவில்லை. நமக்குப் பாதிதான் தெரிகிறது.

அசையாத வாரங்கள்

2013-இல் நம் நாட்டில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டது. அந்தத் தந்தியின் கட்-கடா ஒலியைக் காதால் கேட்டு எழுதக் கற்றவர்களை வைத்து, அமெரிக்காவில் வில்லியம் பிரையன், நோபிள் ஹார்ட்டர் என்ற இருவர் 1897-இலும் 1899-இலும் ஆய்வு வெளியிட்டார்கள். வாரந்தோறும் கற்பவரின் வேகத்தை அளந்து வரைபடமாகப் போட்டார்கள். அனுப்பும் வேகம் சீராக ஏறியது. பெற்று எழுதும் வேகமோ ஏறி, ஓரிடத்தில் நின்று, வாரக்கணக்கில் சமதளமாகக் கிடந்து, பிறகு மீண்டும் ஏறியது.

சமதளத்தில் என்ன நடக்கிறது? கற்பவர் முதலில் எழுத்து எழுத்தாகக் கேட்கிறார். பிறகு சொல் சொல்லாகக் கேட்கப் பழகுகிறார். அதன்பின் தொடர் தொடராக. கீழ்ப்படியில் உள்ளது தன்னால் நடக்கும் அளவுக்குப் பதிந்த பிறகே மேல்படிக்குக் கவனம் மிஞ்சுகிறது. பதியும் வரை வெளியே எந்த மாற்றமும் தெரிவதில்லை. அவர்கள் தந்த விளக்கம் இதுதான். எல்லாத் திறனிலும் இந்தச் சமதளம் கட்டாயம் வரும் என்பதைப் பின்னால் வந்த ஆய்வாளர்கள் ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிலருக்கு வருவதே இல்லை.

வரைதலில் இதை நான் இப்படிப் பொருத்திப் பார்க்கிறேன். முதலில் கோடு நடுங்காமல் வர வேண்டும். பிறகு வடிவங்களின் அளவு ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். பிறகு ஒளியும் நிழலும். உடம்பின் அசைவும் நிற்கும் தோரணையும் அதற்கும் பிறகு. இரண்டாவதில் இருப்பவர் நான்காவதை எண்ணி வருந்துகிறார். கோட்டைக் கவனித்துக்கொண்டே அசைவையும் பிடிக்க மனித மூளையில் இடம் போதாது. கோடு கவனம் கேட்காமல் வரும் நாளில் அசைவு தானாக உள்ளே வரும்.

தபால்காரர்கள் தந்த சாட்சி

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது. சற்று நிதானமாகவே சொல்கிறேன். பிரிட்டிஷ் தபால் துறையில் கடிதங்களை எந்திரத்தால் பிரிக்கும் முறை வந்தபோது, தபால்காரர்கள் தட்டச்சுப் பழக வேண்டியிருந்தது. ஆலன் பேட்லி, லாங்மன் ஆகிய இருவர் அவர்களை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு நாளைக்கு ஒரு மணி நேரம். இன்னொன்றுக்கு இரண்டு மணி நேரம் ஒரே அமர்வாக. மூன்றாவதற்கு அதே இரண்டு மணி நேரம் இரண்டு அமர்வுகளாக. நான்காவதற்கு நாளைக்கு இரண்டு அமர்வு, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். முடிவு 1978-இல் வெளியானது.

விசைப்பலகையைக் கற்க, நாளைக்கு ஒரு மணி நேரக் குழுவுக்குச் சுமார் 35 மணி நேரம் பிடித்தது. நாளைக்கு நான்கு மணி நேரக் குழுவுக்குச் சுமார் 50 மணி நேரம். கொஞ்சம் கொஞ்சமாகப் பழகியவர்களுக்கு ஒவ்வொரு மணி நேரமும் அதிகம் தந்திருக்கிறது. இதுவரை எல்லோரும் எதிர்பார்ப்பதுதான்.

எந்த முறை மனநிறைவு தந்தது என்று கேட்டபோதுதான் வேடிக்கை. நாளைக்கு ஒரு மணி நேரம் பழகியவர்களே நான்கு குழுக்களிலும் குறைந்த நிறைவோடு இருந்தார்கள். நாள்கணக்கில் பாருங்கள்: இவர்கள் 35 வேலை நாட்கள் உட்கார்ந்தார்கள், அந்த 50 மணி நேரமோ பதின்மூன்று நாட்களுக்குள் முடிந்துவிடும். மற்ற குழுக்கள் முந்திப் போவதுபோல் இவர்களுக்குத் தோன்றியது. மணிக்கணக்கில் மிகச் சிறப்பாகக் கற்றவர்கள் தாங்கள் பின்தங்கிவிட்டதாக வருந்தினார்கள்.

தட்டச்சும் ஓவியமும் ஒன்றல்ல என்று நீங்கள் சொல்லலாம், சரிதான். ஆனால் வேலைக்குப் போய்க்கொண்டே மாலையில் அரை மணி நேரம் வரைகிறவர், நாளெல்லாம் வரைகிறவர்களின் படங்களைச் செல்பேசியில் பார்த்துக் குன்றிப்போவது அந்தத் தபால்காரர்களின் நிலையேதான். அரூரிலிருந்து பஸ் ஏறி வேலைக்கு வந்து போகும் ஒருவரால் நாளைக்கு நான்கு மணி நேரம் தர முடியாது. தேவையும் இல்லை. அவருடைய அரை மணி நேரம் மட்டமான அரை மணி நேரம் அல்ல. நாட்கள் அதிகம் ஆகும், அதை மட்டும் முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

எந்தத் திறனிலும் தேர்ச்சி பெறப் பத்தாயிரம் மணி நேரப் பயிற்சி வேண்டும் என்ற கணக்கைப் பற்றியும் கேட்பார்கள். பெர்லின் இசைக் கல்லூரி வயலின் மாணவர்களை ஆண்டர்ஸ் எரிக்சன் குழுவினர் ஆராய்ந்து 1993-இல் வெளியிட்டதிலிருந்து கிளம்பிய எண் அது. மிகச் சிறந்த மாணவர்கள் 20 வயதுக்குள் சராசரியாக அவ்வளவு பயிற்சி செய்திருந்தார்கள். அது சராசரி, எல்லைக்கோடு அல்ல. உலகத் தரத்தில் போட்டியிடும் வயலின் கலைஞர்களின் கணக்கை, வேடியப்பன் கல்லை வரைந்து பார்க்க நினைப்பவர் எதற்குச் சுமக்க வேண்டும்?

கோலம் போடுகிறவர்களுக்கு ஏன் இந்தத் துன்பம் இல்லை?

காவேரிப்பட்டணத்திலிருந்து வரும் அக்கா ஒருவர் இருக்கிறார். முதல் வகுப்பில், “எனக்கு ஒரு கோடு போடக்கூடத் தெரியாது” என்றார். பென்சிலைக் கொடுத்து ஒரு நீண்ட வளைவு போடச் சொன்னேன். ஒரே இழுப்பில், தடுமாறாமல் போட்டார். எங்கே பழகினீர்கள் என்றால், “எங்கேயும் இல்லையே” என்கிறார். சிறுமியாக இருந்த நாளிலிருந்து வாசலில் தினமும் புள்ளிக்கோலம் போட்டு வருபவர். அதைக் கலை என்று அவர் எண்ணியதும் இல்லை, அதில் தோற்றுப்போனதாக வருந்தியதும் இல்லை.

இதை நான் வெகுநாள் யோசித்திருக்கிறேன். கோலமும் கடினமான திறன்தான். புள்ளி எண்ணிக்கை தவறினால் சிக்கு முடியாது. சிறு வயதில் எல்லோருக்கும் தவறியிருக்கும். ஆனாலும் ‘எனக்குக் கோலக்கை இல்லை’ என்று சொல்லி விட்டவர்கள் மிகக் குறைவு. அது மறுநாள் காலை அழிந்துவிடும் என்பது ஒரு காரணமாக இருக்க வேண்டும். இன்று கோணினால் நாளை பெருக்கித் தண்ணீர் தெளித்து வேறொன்று போடலாம். இன்னொரு காரணம், யாரும் அதை ‘என் திறமைக்குச் சான்று’ என்று போடுவதில்லை. வாசல் வெறுமையாக இருக்கக் கூடாது, அதனால் போடுகிறார்கள்.

நோட்டில் போடும் ஒவ்வொரு படத்தையும் நாம் சான்றிதழாக ஆக்கிவிடுகிறோம். நல்ல தாள் வாங்குகிறோம், கீழே கையெழுத்துப் போடுகிறோம், படம் எடுத்து உறவினர்களுக்கு அனுப்புகிறோம். பழகும் காலத்தில் விலை குறைந்த தாளே நல்லது என்பது என் கட்சி. ஒருபக்கம் அச்சடித்த பழைய தாள், பழைய டைரி, பிள்ளைகளின் மீதி நோட்டு. ஒரு 2பி பென்சில் போதும். பெட்டி நிறைய வண்ணப் பென்சில் வாங்கினால் அதற்கேற்ற படம் வர வேண்டும் என்ற கடன் தலையில் ஏறிவிடும்.

நோட்டை எப்படி வைத்துக்கொள்வது?

அழியும் கோலத்தைப் புகழ்ந்துவிட்டு இதைச் சொல்வது முரணாகத் தோன்றலாம்: பக்கங்களைக் கிழிக்காதீர்கள். மூலையில் தேதி மட்டும் போட்டுவிட்டு மூடிவிடுங்கள். வரைந்த அன்றே அதைத் தீர்ப்புக்கு எடுக்க வேண்டாம். கண் அப்போதுதான் அந்தப் படத்தோடு மல்லுக்கட்டி முடித்திருக்கும். குறை மட்டும்தான் தெரியும்.

மாதம் ஒருமுறை ஒரே பொருளை வரையுங்கள். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஊரின் மேலேயே மலைக்கோட்டை இருக்கிறது. தருமபுரிக்காரர்கள் வத்தல்மலையின் விளிம்பை எடுத்துக்கொள்ளலாம். பொருள் மாறாமல் இருந்தால்தான் கையின் மாற்றம் தெரியும். இந்த மாதப் படத்தை மூன்று மாதத்துக்கு முந்தைய மலையோடு ஒப்பிடுங்கள். அடுத்தவர் வரைந்த மலையோடு ஒப்பிட வேண்டாம்.

அன்றைய இலக்கை நேரமாக வையுங்கள், நல்ல படமாக வைக்காதீர்கள். ‘அரை மணி நேரம் பாறைகளின் அளவை மட்டும் கவனிப்பேன்’ என்பது உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ‘அழகாக வர வேண்டும்’ என்பது இல்லை.

பொறுத்தது போதும் என்று எப்போது சொல்வது?

மேலே சொன்னதை வைத்துக்கொண்டு சோம்பலுக்குச் சாக்குத் தேடுகிறவர்களும் உண்டு. நான்கு மாதம் ஒரே தேக்கம் என்றால் அது தந்திக்காரரின் சமதளமாகவும் இருக்கலாம், வெறும் பழக்கதோஷமாகவும் இருக்கலாம். வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமில்லை. நோட்டைத் திறந்து, கடைசிப் பக்கங்களில் நீங்கள் முயன்று தோற்றவை எவை என்று பாருங்கள். ஒரு வாரம் நிழலில் தோற்றிருக்கிறீர்கள், அடுத்த வாரம் கையின் விரல்களில், பிறகு சாய்ந்து நிற்கும் உடம்பில் என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை, தொடரலாம். எல்லாப் பக்கத்திலும் நன்றாக வரும் அதே பக்கவாட்டு முகமோ அதே தாமரையோ இருந்தால், அங்கே பொறுமை மருந்தாகாது. பிழையைத் திரும்பத் திரும்பச் செய்தால் பிழையும் கைப்பழக்கம் ஆகிவிடும்.

அப்போது வெளியிலிருந்து ஒரு கண் தேவை. பள்ளி ஓவிய ஆசிரியராக இருக்கலாம், விளம்பரப் பலகை எழுதிய பழைய ஓவியராக இருக்கலாம். கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் டிஜிட்டல் பேனர் வருவதற்கு முன் சுவரில் ஆளுயர உருவங்களைக் கட்டம் போட்டுப் பெரிதாக்கி வரைந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அளவைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது பலருக்குத் தெரியாது. போகும்போது ஒரே படத்தைக் கொண்டுபோகாமல் நோட்டை முழுதாகக் கொண்டுபோங்கள். “எப்படி இருக்கிறது?” என்று கேட்டால் “நன்றாக இருக்கிறது” என்றுதான் சொல்வார்கள். “இதில் முதலில் எதைத் திருத்தட்டும்?” என்று கேளுங்கள். ஒன்றைச் சொல்வார். இரண்டாவதைச் சொல்லத் தொடங்கினால், அடுத்த மாதம் வருகிறேன் ஐயா என்று எழுந்துவிடலாம்.